புறங்கையால் தொடு

கோணிப்பையை இடது தோளுக்கு மாற்றிக்கொண்டு நடந்தேன். உள்ளே டைனமோ இருந்தது. ஈரச் சாக்கு கழுத்தை அறுத்தது. சட்டையின் மேல் பொத்தான்கள் பிய்ந்து போயிருந்ததால் சாரல் நேராக நெஞ்சில் விழுந்தது.

புனேயின் வானவடியில் ராணுவக் குடியிருப்பின் சுற்றுச்சுவர் நீளமானது. அதை ஒட்டியே போனால் யாரிடமும் வழி கேட்க வேண்டியதில்லை. ஸ்கூட்டர்கள் என் மேல் சேற்றை அடித்துவிட்டுப் போயின. பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து கூட்டிப்போகும் அம்மாக்கள். மழைக்கோட்டுக்குள் பிள்ளைகள் அம்மா முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஒரு பஸ்ஸில் ஏறிப் பார்த்தேன். கண்டக்டர் மூட்டையைக் காலால் தொட்டு என்னவென்று மராத்தியில் கேட்டார். திறந்து காட்டினேன். செம்புச் சுருளும் தொங்குகிற வயர்களும் தெரிந்ததும் இறங்கச் சொல்லிக் கையைக் காட்டினார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. அன்றைக்கு வயர் என்றால் எனக்கே பிடிக்கவில்லை.

என் அறை விஷ்ராந்த்வாடியில் இருந்தது. நகரத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை. இந்தத் தொடரைப் படித்து வருகிறவர்களுக்குத் தெரியும், நான் பெரும்பாலான ஊர்களை நடந்துதான் விட்டுப் போயிருக்கிறேன். சாங்லி கரும்புத் தோட்டத்திலிருந்து அப்படித்தான் வந்தேன். அங்கெல்லாம் கோபத்தோடு நடந்தேன். இந்த முறை கோபம் வரவில்லை. கால்தான் போய்க்கொண்டிருந்தது.

கோலிபார் மைதானத்துப் பக்கம் வரும்போது ராதிகா மேடம் போனில் வந்தார். என்னை வேலைக்கு வைத்திருந்த சின்ன டிரஸ்ட்டை அவர்தான் நடத்தினார். அவர் அப்பா ராணுவத்தில் இருந்தவர். மேடம் பிறந்ததே புனேயில். தமிழைத் தேடித் தேடிப் பேசுவார்.

"அண்ணா, எங்க இருக்கீங்க?"

"நடந்துக்கிட்டு இருக்கேன் மேடம்."

"ப்ளீஸ், அங்க திரும்பிப் போகாதீங்க. பில்டர் ஆபீஸ்ல ரொம்ப டென்ஷன்ல இருக்காங்க. உங்க சைக்கிள் மெஷின்னாலதான் கரண்ட் வந்துச்சுன்னு... மத்லப், அதாவது, அப்படித்தான் அங்க எல்லாரும் பேசறாங்களாம்."

"மிதிக்காம எப்படி மேடம் வரும்?"

மழைச் சத்தம் இரண்டு பக்கமும் கேட்டது.

"எனக்குத் தெரியும்ணா. கொஞ்ச நாள் க்ளாஸ் வேண்டாம். புரிஞ்சுக்கோங்க."

முந்தின நாள் காலையில் வானவடியில், கட்டடத் தொழிலாளர்கள் தங்கும் தகரக் கொட்டகையில், அஞ்சலை என்ற பெண் துணி காயப்போடப் போய்க் கரண்ட் அடித்துச் செத்துப்போனாள். அவள் மகள் தேன்மொழி என்னிடம் படித்தவள். என் சட்டைப் பொத்தானைப் பிய்த்தவர் அஞ்சலையின் கணவர் ஏழுமலை.

மிதித்தால் மட்டும்

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். வாத்தியார் வேலை என்றால் எனக்கே சிரிப்பு வரும். ஆனால் நான் நடத்தியதும் வகுப்புதான்.

பழைய சைக்கிள் ஒன்றை இரும்பு ஸ்டாண்டில் ஏற்றி, பின்சக்கரத்திலிருந்து பெல்ட் போட்டு டைனமோவைச் சுழல விட்டிருந்தேன். பிம்ப்ரியில் மோட்டார் ரீவைண்டிங் கடையில் இருந்த காலத்தில் சேர்த்த இரும்பில் கட்டியது. முன்னால் ஒரு பலகை. அதில் சின்னச் சின்ன பல்புகள், ஒவ்வொன்றுக்கும் தனி சுவிட்ச், ஓரத்தில் ஒரு குட்டி ஃபேன். யார் மிதித்தாலும் பல்பு எரியும். மிதிப்பதை நிறுத்தினால் அணையும். இவ்வளவுதான் பாடம்.

இதில் ஒரு விஷயம் பிள்ளைகளை ஒவ்வொரு முறையும் ஏமாற்றும். பல்பு எதுவும் போடாமல் மிதித்தால் பெடல் இலேசாக ஓடும். ஒரு பல்பைப் போட்டால் கொஞ்சம் கனக்கும். எல்லாவற்றையும் போட்டால் மேட்டில் மிதிப்பது போலக் கால் இறுகும். வெளிச்சம் சும்மா வருவதில்லை, யாரோ ஒருத்தர் கால் வலிக்கிறது என்பது புத்தகம் இல்லாமல் புரிந்துவிடும்.

அந்தக் கொட்டகைப் பிள்ளைகள் எல்லா மாநிலமும் கலந்தவர்கள். பேச்சு ஹிந்தியில் நடக்கும். எதிரே அவர்கள் அப்பாக்கள் கட்டி முடித்த மாடிகளில் விளக்குகள் எரியும். ஒரு நாள் பீகார்ப் பையன் ஒருவன் மூச்சு வாங்க மிதித்துக்கொண்டே அதை அண்ணாந்து பார்த்தான்.

"அந்த பில்டிங்குக்கு எவன் மிதிக்கிறான்?"

"நிலக்கரி மிதிக்குது," என்றேன்.

"அதுக்கு லீவு உண்டா?"

"கிடையாது."

"எங்க கொட்டகைக்கு மிதிக்கிறவனுக்கு மட்டும் தினம் லீவு," என்றான். எல்லோரும் சிரித்தார்கள். கொட்டகைக்குத் தினமும் பாதி நேரம் கரண்ட் இருக்காது.

தேன்மொழி அந்தக் கூட்டத்தில் ஒரே தமிழ்ப் பிள்ளை. கள்ளக்குறிச்சிப் பக்கம். பத்து, பதினொரு வயது இருக்கும். ஊரை அவள் சரியாகப் பார்த்தது கூட இல்லை. அம்மாவிடம் தமிழ், எண்ணுவது ஹிந்தியில், சண்டை போடுவது மராத்தியில். சீட்டில் உட்கார்ந்தால் பெடல் எட்டாது. நின்றுகொண்டே மிதிப்பாள். ஆனால் அவளுக்குப் பிடித்த இடம் சுவிட்ச் பலகை. பையன்கள் வேகமாக மிதித்துப் பெருமையடிக்கும்போது எல்லாப் பல்பையும் ஒரே தட்டில் போட்டுவிடுவாள். கால் இறுகி அவன் முகம் கோணும்.

"என்னடா, சோறு துன்னலயா?" என்று தமிழிலேயே கேட்பாள். அவனுக்குப் புரியாது. அதனால் இன்னும் சிரிப்பாள்.

வளைந்த மணிக்கட்டு

என் வலது மணிக்கட்டு வளைந்திருக்கும். பிள்ளைகள் முதலில் பார்ப்பது அதைத்தான். அதனால் இரண்டாவது பாடத்தை அதிலிருந்தே தொடங்குவேன்.

ஓசூருக்கு வெளியே ஒரு கோழிப்பண்ணையில் கொஞ்ச காலம் இருந்தேன். கோழிக்குத் தண்ணீர் விடும் மோட்டாரை ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று பிடித்தேன். பிடித்த கை விடவில்லை. கரண்ட் அடித்தால் தூக்கி எறியும் என்று நினைத்திருந்தேன். அப்படியில்லை. விரல்கள் தாமாகவே மூடிக்கொள்ளும். கத்தலாம் என்றால் தாடை திறக்காது. கண் மட்டும் தெரியும்.

தீவன லாரி ஓட்டுகிற பாஷா பாய் அந்தப் பக்கமாக வந்தார். என்னைப் பார்த்தார். திரும்பி லாரிக்கு ஓடினார். விட்டுவிட்டுப் போகிறாரே என்று நினைத்தேன். சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு பலகையை எடுத்துக்கொண்டு வந்து என் கையில் ஓங்கி அடித்தார். எலும்பு முறிந்தது. கை விடுபட்டது.

கட்டுப் போட்ட பிறகு, "ஏன் பாய், இழுத்திருக்கலாமே?" என்று கேட்டேன்.

"இழுத்தா நானும் உன்கூட வந்திருப்பேன்டா. எனக்கு மூணு பொட்டப்புள்ளைங்க இருக்கு," என்றார்.

எலும்பு சரியாகக் கூடவில்லை. கட்டைப் பிரிப்பதற்குள் நான் வேறு ஊருக்குப் போய்விட்டேன்.

இதைச் சொல்லிவிட்டுப் பிள்ளைகளுக்குப் பழக்குவேன். சந்தேகமான எதையும் உள்ளங்கையால் தொடாதே, புறங்கையால் தொடு. கரண்ட் இருந்தால் விரல் மூடும்போது கை விலகிக்கொள்ளும். உள்ளங்கை என்றால் பற்றிக்கொள்ளும். யாராவது மாட்டிக்கொண்டால் அவர்களைத் தொடாதே. மெயினை அணை. முடியாவிட்டால் காய்ந்த கட்டையால் அடி.

என் மெஷினிலிருந்து வரும் கரண்ட் யாரையும் ஒன்றும் செய்யாது. ஒரு முறை ராதிகா மேடம், பிள்ளைகள் இரண்டு வயரையும் கையில் பிடித்துச் சிரிப்பது போல ஒரு படம் வேண்டும் என்றார். பில்டர் ஆபீஸுக்கு அனுப்ப. நான் ஒத்துக்கொள்ளவில்லை. கை ஒரு தடவை பழகினால் பழகியதுதான். கடைசியில் வரிசையாக நின்று புறங்கையை நீட்டுகிற படம்தான் போனது. படத்தில் எல்லோரும் அடி வாங்கக் காத்திருப்பது போல இருந்தார்கள்.

கிச்சுகிச்சு

மழை தொடங்கிய வாரத்தில் தேன்மொழி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"சைக்கிள் மாமா, எங்க செவுரும் கிச்சுகிச்சு மூட்டும். மிதிக்கவே வேணாம்."

கூட்டிப்போனாள். தகரச் சுவர். ஈர நேரத்தில் அதைத் தொட்டால் விரல் கூசுகிறது என்பது பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டு. கைகோர்த்து வரிசையாக நிற்பார்களாம். முதல் ஆள் சுவரைத் தொடுவானாம். கடைசி ஆளுக்குக் கூசுகிறதா என்று கேட்பார்களாம்.

சட்டைப் பையிலிருந்த டெஸ்டரைச் சுவரில் வைத்தேன். பல்லைக் காட்டுவது போல அதன் விளக்கு எரிந்தது.

ஒரே வயர் எல்லாக் கொட்டகைகளின் தகரத்தையும் துளைத்துக்கொண்டு போயிருந்தது. துளைக்கு விளிம்பு கட்டவில்லை. காற்றில் தகரம் ஆட ஆட, வயரின் தோலைக் கத்தி போல அறுத்திருந்தது. கைக்கு எட்டிய இடங்களில் சைக்கிள் டியூபை வெட்டி வைத்து டேப் சுற்றினேன். அது போதாது என்பது தெரிந்தே செய்தேன். வயரை மாற்ற வேண்டும், தகரத்துக்கு எர்த் கொடுக்க வேண்டும்.

அதைவிட என்னைக் கலக்கியது துணிக்கொடி. கட்டட வேலை நடக்கும் இடத்தில் யாரும் கயிறு வாங்க மாட்டார்கள். கம்பி கட்டுகிறவர்கள் சிந்திவிட்டுப் போகும் கட்டுக்கம்பி தரையெல்லாம் கிடக்கும். தொட்டில் தொங்குவது அதில், கதவு கட்டுவது அதில், துணி காய்வதும் அதில். கொட்டகைக்குக் கொட்டகை, தகரத்தின் ஆணியிலிருந்து தகரத்தின் ஆணிக்கு, வெறும் இரும்பு.

அஞ்சலையிடம் சொன்னேன். அவள் கையில் ஈரச் சேலை இருந்தது.

"இதுல துணி போடாதம்மா. கம்பியில கரண்ட் வருது."

"பின்ன தலை மேலயா காயப்போடுவாங்க?" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தி, "நெசமாவா சொல்ற?" என்றாள். அன்றே அவள் கொட்டகைக்கு முன்னால் இருந்த கம்பியை அறுத்துப் போட்டேன். அவள் தடுக்கவில்லை.

கூலியாட்களைக் கொண்டுவந்து சேர்க்கிறவனை இங்கே முகாதம் என்பார்கள். தத்தா என்பது அவன் பெயர். மெயின் சுவிட்ச் பெட்டிக்குப் பூட்டுப் போட்டுச் சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டியிருப்பான். பெண்கள் திருட்டுத்தனமாக ஹீட்டர் போடுகிறார்கள் என்று அவனுக்குக் கவலை. அவனிடமும் சொன்னேன்.

"நாளைக்கு ஆள் வருவான்," என்றான்.

"சாவியையாவது வெளியே மாட்டுங்க."

"நீ வந்தது பிள்ளைகளுக்குச் சைக்கிள் ஓட்டிக் காட்ட. அதைச் செய்."

ராதிகா மேடத்திடம் சொன்னேன். அவர் பில்டர் ஆபீஸில் சொன்னார். அவர்களும் பார்க்கிறோம் என்றார்கள்.

எல்லாம் ஈரம்

நான் அடுத்த வகுப்புக்குப் போனபோது அஞ்சலையை எரித்துவிட்டுத் திரும்பியிருந்தார்கள். எனக்கு யாரும் சொல்லவில்லை. கையில் டைனமோவோடு உள்ளே போனேன். மெயின் அணைக்கப்பட்டிருந்தது. தண்ணீர் மோட்டார் ஓடாததால் பெண்கள் காலிக் குடங்களோடு நின்றார்கள்.

தேன்மொழி மணல் குவியல் மேல் தனியாக உட்கார்ந்திருந்தாள். அவளைச் சுற்றி யாரும் இல்லை. பிள்ளைகள் கூட இல்லை. மடியில் பூரிக்கட்டை இருந்தது.

பக்கத்தில் உட்கார்ந்தேன். கேட்காமலேயே சொன்னாள்.

பக்கத்துக் கொட்டகைக்காரர்கள் புதிதாக ஒரு கம்பி கட்டியிருக்கிறார்கள். தங்கள் துணியோடு அஞ்சலையும் போடட்டும் என்று நீளமாகவே கட்டியிருக்கிறார்கள். ராத்திரியெல்லாம் பெய்துவிட்டுக் காலையில் கொஞ்சம் வெறித்திருந்தது. அஞ்சலை சேலையை இரண்டு கையாலும் கம்பியில் போட்டு இழுத்திருக்கிறாள்.

"அம்மா ஆடுச்சு மாமா. வெளையாடுதுன்னு நெனச்சேன். அப்பறம் வாயப் பாத்தேன்."

"அப்புறம்?"

"மெயினுக்கு ஓடினேன். தாலா போட்டிருந்துச்சு. பூட்டக் கல்லால அடிச்சேன், ஒடையல. அப்பறம் காஞ்ச கட்டை தேடினேன்."

அவள் எதிரே கை காட்டினாள். கட்டடத்துக்குச் சாரம் கட்டும் கழிகள், சென்ட்ரிங் பலகைகள், விறகு. அந்த இடம் முழுக்க மரம்தான். எல்லாவற்றிலிருந்தும் தண்ணீர் சொட்டியது.

"எல்லாம் ஈரம் மாமா. ஒவ்வொண்ணா தொட்டுத் தொட்டுப் பாத்தேன். எல்லாம் ஈரம்."

ஒவ்வொரு குவியலாக ஓடியிருக்கிறாள். அதைத்தான் பெண்கள் பார்த்திருக்கிறார்கள். தாய் துடிக்கும்போது பெண் அங்கும் இங்கும் ஓடினாள், கிட்டே வரவில்லை என்று. கடைசியில் கொட்டகைக்குள் போய்ப் பூரிக்கட்டையை எடுத்து வந்து அம்மாவின் கையில் அடித்திருக்கிறாள். அதையும் பார்த்திருக்கிறார்கள். சாகிற தாயை அடித்தாள் என்று. கை விடுபட்டு அஞ்சலை விழுந்தாள். ஆட்டோவில் கொண்டுபோன ஆஸ்பத்திரியில் உயிர் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

"மொதல்லயே உள்ள போய் இத எடுத்திருக்கணும் இல்ல மாமா?"

"நீ தொட்டிருந்தா நீயும் போயிருப்ப," என்றேன்.

"அப்பா அதான் சொல்றாரு. தொட்டிருக்கணுமாம்."

ஏழுமலை கொட்டகை வாசலில் ஒரு பையில் துணிகளைத் திணித்துக்கொண்டிருந்தார். கம்பி வளைக்கிற கைகள். சின்னச் சின்னப் பாவாடைகளாக மடித்து வைத்தார். அவருடையது எதுவும் பையில் இல்லை.

"எங்கண்ணே கிளம்பறீங்க?"

"நானில்ல. இவள கூட்டிப்போயி சின்னசேலத்துல அவ சித்தி வூட்டுல தள்ளிட்டு வரப்போறேன். எனக்குப் புள்ள இல்ல."

"அண்ணே, அவ செஞ்சதுதான் சரி. இங்க பாருங்க." என் மணிக்கட்டை நீட்டினேன். "என்னைக் காப்பாத்தினவர் இத ஒடச்சுத்தான் காப்பாத்தினாரு."

அவர் மணிக்கட்டைப் பார்க்கவில்லை. என் காலரைப் பிடித்தார்.

"நீதானய்யா சொல்லிக் குடுத்த? பெத்தவ துடிக்கிறப்ப தொடாத, வேடிக்க பாருன்னு. இதான் ஒங்க படிப்பா?"

"தொட்டிருந்தா ரெண்டு பேரை எரிச்சிருப்பீங்க."

"எரிச்சிருப்பேன்யா! எரிச்சிட்டு நானும் படுத்திருப்பேன். இப்ப இவ மூஞ்ச தெனம் எப்படிப் பாக்கறது, சொல்லு! நீ சொல்லு!"

பொத்தான்கள் தெறித்தன. அவர் அழவில்லை. அழுதிருந்தால் நான் அங்கேயே உட்கார்ந்திருப்பேன்.

தத்தாவின் ஆட்கள் அதற்குள் வந்துவிட்டார்கள். ஒருவன் என் சைக்கிளை ஸ்டாண்டோடு தள்ளிவிட்டு மிதித்தான். இந்த மெஷின்தான் சுவருக்குள் கரண்ட் ஏற்றியது என்று தத்தா சத்தமாகச் சொன்னான். பெரியவர்கள் தலையாட்டினார்கள். பிள்ளைகள் யாரும் தலையாட்டவில்லை. பீகார்ப் பையன் மட்டும், "மிதிக்கவே இல்லையே," என்று ஏதோ சொல்ல வந்தான். அவன் அம்மா அவன் வாயில் அடித்தாள்.

தேன்மொழி மணல் குவியலை விட்டு எழுந்திருக்கவில்லை. என்னைப் பிடித்துத் தள்ளி வெளியே கொண்டுவந்துவிட்டார்கள்.

பாலத்தின் மேல்

பண்ட் கார்டன் பாலத்துக்கு வந்தபோது மழை விட்டிருந்தது. கீழே ஆறு மண் நிறத்தில் ஓடியது. கோணிப்பையைக் கட்டைச் சுவரில் வைத்துவிட்டு நின்றேன். டைனமோவைத் தூக்கி ஆற்றில் போடலாமா என்று ஒரு நிமிடம் நினைத்தேன். செம்பு விலை நினைவுக்கு வந்தது. போடவில்லை. என்னைப் போன்றவர்களின் சோகம் பெரும்பாலும் இந்த இடத்தில் நின்றுவிடும்.

அங்கேதான் தத்தா போன் செய்தான். காலையில் ஆள் விட்டுச் சைக்கிளை நொறுக்க வைத்தவன் இப்போது என்னை 'பாய்', அதாவது அண்ணே, என்று கூப்பிட்டான்.

"ரெண்டு நாளில் ஆபீசர்கள் வருவார்கள். அதற்குள் கொட்டகைக்கு வயர் மாற்ற வேண்டும். இங்கே எந்த வயர்மேனும் வர மாட்டேன் என்கிறான். சாவு நடந்த இடமாம். பெண்கள் கரண்ட்டும் தண்ணியும் கேட்டுக் கத்துகிறார்கள். நீ வா. இனி கேம்ப்புக்கே வயர்மேனாக இரு."

"என் மெஷின்தானே காரணம்?"

"அதை விடு பாய். வருவாயா, மாட்டாயா?"

அவனுக்கு என்ன வேண்டும் என்பது எனக்குப் புரிந்தது. அஞ்சலையைக் கொன்ற வயர், ஆபீசர்கள் வரும்போது அங்கே இருக்கக் கூடாது. நான் போனால் அந்தத் தடயத்தை என் கையாலேயே கழற்றியவன் ஆவேன். போகாவிட்டால் அடுத்த மழைக்குள் யாராவது கூச்சல்போட்டு மெயினைப் போட வைப்பார்கள். தகரம் அப்படியேதான் நிற்கும்.

மூன்று விஷயம் கேட்டேன். எல்லா வயரும் புதிது. கரண்ட் கசிந்தால் தானாக விழுந்துவிடும் சுவிட்ச். மெயின் பெட்டிக்குப் பூட்டே கூடாது.

"சரி," என்றான். முன்பு நான் கேட்டபோது அவன் காதிலேயே வாங்கவில்லை. இப்போது ஒரே வார்த்தையில் முடிந்துவிட்டது.

எரவடா வழியாக அறைக்கு வந்து, பொத்தான் இல்லாத சட்டையைப் பிழிந்து கொடியில் போட்டேன். நைலான் கயிறுதான். ஆனாலும் புறங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் போட்டேன்.

கேம்ப் வயர்மேன்

மறுநாள் விடிந்ததும் அங்கே இருந்தேன். இந்த முறை யாரும் தடுக்கவில்லை. என் சைக்கிள் அதே இடத்தில் கவிழ்ந்து கிடந்தது. பின்சக்கரம் எட்டாக வளைந்திருந்தது.

முதலில் பழைய வயரை உருவினேன். அஞ்சலையின் பக்கத்துக் கொட்டகையில், தகரத் துளைக்குள் தோல் உரிந்து செம்பு பளபளத்த இடத்தைக் கண்டுபிடித்தேன். ஒரு சாண் நீளம். தகரத்தோடு சேர்த்து போனில் படம் எடுத்துக்கொண்டு, அந்தத் துண்டை மட்டும் வெட்டினேன். மிச்சம் எல்லாம் தத்தாவின் சாக்குக்குள் போனது. துண்டை ஏழுமலையிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"இத வச்சுக்கங்க. எங்க இருந்துச்சுன்னு ஆபீசருங்க கேப்பாங்க. படம் எங்கிட்ட இருக்கு. நானும் வந்து சொல்றேன்."

அவர் அதை வாங்கிப் பார்த்தார். விரலால் உரிந்த இடத்தைத் தடவினார். பையில் துணிகளுக்கு நடுவே வைத்தார். பை இன்னும் வாசலில்தான் இருந்தது. மத்தியான ரயில் என்று பக்கத்துப் பெண் சொன்னாள்.

எர்த்துக்குக் குழி தோண்ட வேண்டும். ஆழமாக. வளைந்த மணிக்கட்டோடு கடப்பாரை போடுவது கஷ்டம். கொஞ்ச நேரத்தில் இன்னொரு கடப்பாரை எதிர்ப்பக்கம் இறங்கியது. ஏழுமலை. இடுப்பளவு போனதும் அவரே இறங்கித் தோண்டினார். குழியில் குழாயை நிறுத்தி, கரியும் உப்புமாகப் போட்டு நிரப்பித் தண்ணீர் ஊற்றினோம். உப்பைக் கொட்டும்போது, "எதுக்கு இது?" என்று ஒரே ஒரு முறை கேட்டார்.

"மண்ணு ஈரமாவே இருக்கணும். கரண்ட் மண்ணுக்குப் போற வழி. இது இருந்தா ஆள் மேல வராது."

அவர் குழியையே பார்த்துக்கொண்டிருந்தார். "இவ்ளோதானா?" என்றார்.

புது வயர் இழுத்து முடித்து, துளைக்கெல்லாம் ரப்பர் போட்டு, புது சுவிட்சை மாட்டி, மெயினைப் போட்டேன். உள்ளே ஃபேன்கள் சுற்றின. தண்ணீர் மோட்டார் இரைந்தது. ஆனால் ஒரு பெண்ணும் கொட்டகைக்குள் கால் வைக்கவில்லை. குடத்தோடு தூரத்தில் நின்றார்கள்.

டெஸ்டரைச் சுவரில் வைத்துக் காட்டினேன். எரியவில்லை. நம்பவில்லை. புறங்கையால் தொட்டுக் காட்டினேன். பிறகு உள்ளங்கையை முழுதாக அழுத்தினேன்.

"அவனைக் கடிக்காது. அவனுக்குப் பழக்கம்," என்றாள் ஒருத்தி. பின்னால் யாரோ சிரித்தார்கள். சாவுக்குப் பிறகு அங்கே கேட்ட முதல் சிரிப்பு அது.

ஏழுமலை குழிக்கரையிலிருந்து எழுந்தார். கையிலிருந்த மண்ணை லுங்கியில் துடைத்தார். நேராகச் சுவரை நோக்கி நடந்தார். கன்னத்தில் அறையப் போகிறவர் போல வலது கையை அகல விரித்து நீட்டினார்.

"அப்பா! பொறங்கை!"

மணல் குவியலின் மேலிருந்து வந்தது. தேன்மொழி எழுந்து நின்றிருந்தாள். பூரிக்கட்டையை இறுகப் பிடித்திருந்தாள்.

"பொறங்கைப்பா! பொறங்கையால தொடு!"

ஏழுமலையின் கை தகரத்துக்கு முன்னால் அந்தரத்தில் நின்றது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. நான் டெஸ்டரைப் பையில் வைக்கவும் மறந்து நின்றேன்.

பிறகு மெதுவாகக் கையைத் திருப்பினார். விரல் முட்டிகள் தகரத்தைத் தொட்டன. எடுக்கவில்லை. வைத்தபடியே இருந்தார்.

"சில்லுனு இருக்குது," என்றார், மணல் குவியலைப் பார்த்து.